கதியாலில் கவிழ்த்த கப்

நாடகம் போடப் போனால் முதலில் வட்டமாக உட்கார வேண்டும். அது எங்கள் குழுவின் வழக்கம். ஒருவர் மாறி ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் சொன்னது வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த விதியைச் சத்தமாகச் சொல்கிறவள் நான்தான். மீறியவளும் நான்தான்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு தோட்டக் கிராமம். அதன் ஓரத்தில் இருபது வீடுகள். அங்கிருப்பவர்கள் மற்றவர்களுடைய தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்கு யாரும் கதிரை போடுவதில்லை, போட்டாலும் அவர்கள் உட்காருவதில்லை. நாடகத்தால் இதை மாற்றிவிடலாம் என்று மானிப்பாயில் இருந்து நானும் குருநகரில் இருந்து எமில்ராஜும் மூன்று மாதம் பஸ் ஏறி இறங்கினோம்.

மூன்றாவது சனிக்கிழமைதான் சிவகௌரி அக்கா வாய் திறந்தார். மீனாம்பிகை அன்ரியின் வெங்காயத் தோட்டத்தில் பதினாலு வருடமாக வேலை. பத்து மணிக்கு வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணி கிளாஸில் வரும். அக்காவுக்கு ஒரு பழைய யோகட் கப்பில் வரும். குடித்துவிட்டு அவரே கழுவி, வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றின் நுனியில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு நாள் உள்ளே எறும்பு மொய்த்திருந்ததாம். தட்டிவிட்டுக் குடித்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"இது இங்கையே கிடக்கட்டும் பிள்ளை" என்றார். நான் ஓமென்று தலையாட்டினேன்.

பிறகு வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம் வந்தது. அக்கா இரண்டு கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. நாடகமோ சப்பென்று கிடந்தது. அந்தக் கப் இருந்தால் எழும்பிவிடும் என்று எனக்குப் பட்டது. பெயரை மாற்றினேன், வெங்காயத்தை மிளகாய் ஆக்கினேன், அவ்வளவு போதும் என்று நினைத்தேன். எமில்ராஜுக்குப் பிடிக்கவில்லை.

"அவவைக் கேட்டனியே?"

"வந்து பாக்கட்டுமன். சந்தோசப்படுவா."

"உன்ரை கதையெண்டா நீ சந்தோசப்படுவியோ, தர்சினி?"

பிரசங்கம் வைக்காமல் ஒரு கதியால் வெட்டி வரச் சொன்னேன். வெட்டி வந்தான். நுனியில் யோகட் கப்பைக் கவிழ்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோட்டக்காரர்கள் பார்க்காவிட்டால் என்ன பிரயோசனம் என்று நானே மீனாம்பிகை அன்ரி வீட்டுக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன்.

சனசமூக நிலைய வளவில் பின்னேரம் நாலு மணிக்கு நாடகம். பார்க்கிறவர்களும் இடையில் வந்து நடிக்கலாம் என்பது எங்கள் முறை. கப் காட்சியில் நான் கையைத் தட்டி நாடகத்தை நிறுத்தினேன். இந்த இடத்தில் யார் வந்து கதையை மாற்றப் போகிறீர்கள் என்று சனத்தைக் கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. பிறகு மீனாம்பிகை அன்ரி எழும்பினார். சீலையைச் சரிசெய்துகொண்டு வந்தார். கதியாலில் இருந்த கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விருந்தினருக்கு வைத்திருந்த கிளாஸ் ஒன்றில் தேத்தண்ணி ஊற்றி, வேலைக்காரியாக நடித்த பெட்டையிடம் இரண்டு கையாலும் நீட்டினார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் அழுதுவிட்டேன். அன்றைக்கே அந்தப் படத்தைப் பேஸ்புக்கிலும் போட்டேன்.

கடைசி வரிசையில் இருந்த சிவகௌரி அக்கா கைதட்டலுக்கு முன்பே எழும்பிப் போய்விட்டதை எமில்ராஜ்தான் கண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை மீனாம்பிகை அன்ரியின் தோட்டத்தில் வேறு ஊர் ஆட்கள் வெங்காயம் கிண்டினார்கள். அடுத்த நாளும் அவர்கள்தான், சிவகௌரி அக்காவைக் கூப்பிடவில்லை. புதன்கிழமை விசயம் கேள்விப்பட்டு ஓடினேன். அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அன்ரியோடு நான் போய்க் கதைக்கிறேன் என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நீங்கள் கதைச்சா அவ திரும்பவும் நல்லா நடிப்பா."

"அண்டைக்கு உண்மையா மாறினவ எண்டு நினைச்சன் அக்கா."

"ஓம், மேடையில கிளாஸில குடுத்தவ. இப்ப எனக்கு அந்தக் கப்பும் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நல்லது போல இருந்தது. மூன்று மாதமாக எந்த வட்டத்திலும் நான் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"எங்கடை வீட்டு வேலியிலையும் வேலைக்கு வாறவைக்கெண்டு ஒரு கப் கிடந்தது அக்கா. நான் சின்னனா இருக்கேக்கை. இப்பவும் கிடக்குதோ தெரியாது."

அக்கா தோய்ப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அதை வைச்சு நடிச்சிருக்கலாமே, பிள்ளை."

பிறகு குனிந்து, உடுப்பைப் பிழியத் தொடங்கினார்.