மூன்றாம் படியை ஓட்டவில்லை

1

இந்தக் கதை பிறந்த இடம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையின் ஏசி அறை. முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஏஞ்சலின் பொத்தானை அழுத்தினாள்...”

நிறுத்தினேன். ஏஞ்சலின் என்று யாருமில்லை. பழியைப் போட ஒரு பெண் கிடைத்தால் வசதியாக இருக்குமே என்று படைத்தேன். அழுத்தியவன் நான், ஹேமநாத்.

2

(ஆலைப் புகையை வருணிக்கும் பகுதி. சோதனைக்குத் தேவையில்லை என்று தாண்டிவிட்டேன். தாண்டுவது எனக்குப் பழக்கம்.)

3

எங்கள் கணினியில் தினமும் ஐந்து படிகள் வரிசையாக ஓடும். ஒன்று, கேட்டில் விரல் வைத்தவர்களின் பட்டியலை எடுக்கும். இரண்டு, ஷிப்ட் பிரிக்கும். மூன்று, சோதனை நாளில் மட்டும் எல்லாருடைய போன் எண்ணையும் எடுத்துவிட்டு என் எண்ணைப் போடும். நான்கு, குறுஞ்செய்தி அனுப்பும். ஐந்து, மூன்று நாள் வராத ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை நீக்கும்.

நான் சோதிக்க வேண்டியது நான்காவதை. ஆகவே ஒன்றையும் நான்கையும் மட்டும் டிக் செய்தேன். ஒரே ஒரு ஆளுக்கு என்று வரம்பும் வைத்தேன், கெட்டிக்காரன். என் போனுக்குத்தானே வரப்போகிறது என்று ஆசை ஆசையாக வாசகம் எழுதினேன்: “நாளை முதல் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம்.”

எனக்கு வரவில்லை. டவர் சரியில்லை என்று டீ குடிக்கப் போனேன். செய்தி, பட்டியலில் முதலில் இருந்த கன்னியம்மாவுக்குப் போயிருந்தது.

4

கன்னியம்மா பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஆலை யார்டு பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளி. செய்தியை மதித்து வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்று மூன்றாம் நாள். நீக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இரண்டு மணிக்கு ஐந்தாம் படி தானாக ஓடும். நான் விளையாட்டாய் அனுப்பிய பொய்யை உண்மையாக்கிவிடும். சோதனை வெற்றி.

ஒரு மணிக்குப் போன் செய்தேன்.

“அக்கா, ஆபீஸ்லேந்து ஹேமநாத். அது சும்மா டெஸ்ட்டு. நீங்க வேலைக்கு வாங்க.”

“இன்னா சார், வெளாட்றியா? எழுத்துல வராதன்றீங்க, வாயால வான்றீங்க. இதுல எது டெஸ்ட்டு?”

“இதான் நெஜம்க்கா.”

“அப்ப இதையும் எழுதி அனுப்பு, உன் பேரு போட்டு. போன்ல ஒர்த்தர் சொன்னாருன்னா கேட்டுல உள்ள வுடுவானா? புள்ளைங்க கேக்குது, இன்னாமா தப்பு பண்ணேன்னு. நானும் மூணு நாளா யோசிச்சிகினு கீறேன். இன்னா சார் பண்ணேன்?”

(இந்த இடத்தில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

5

முடிவு அ: அவர் இரண்டு மணிக்குள் வந்து கேட்டில் விரல் வைக்கிறார். நடக்காது. பஸ்ஸுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல்.

முடிவு ஆ: ஐந்தாம் படியை நிறுத்துவது. அதற்கு மேனேஜர் மணவாளனிடம் காரணத்தை எழுதித் தர வேண்டும். எழுதினால், நீக்க வேண்டியவர்களில் அடுத்த பெயர் என்னுடையதாக இருக்கலாம்.

எழுதிப் பார்த்தேன்.

“சர்வர் கோளாறு காரணமாக...” சர்வர் பாவம். அடித்துவிட்டேன்.

“தவிர்க்க முடியாத சில தொழில்நுட்பக்...” எனக்கே கொட்டாவி.

“ஹேமநாத் ஆகிய நான், மூன்றாம் படியை ஓட்டாமல், கன்னியம்மாவுக்குத் தவறான செய்தியை”

இவ்வளவுதான் வந்திருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவது எவ்வளவு வசதி பாருங்கள். அது வரும்வரை யாரும் எதையும் செய்திருக்கவில்லை. மணி ஒன்று நாற்பது. மணவாளனின் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. மிச்சமுள்ள ஒரு சொல் உங்களுக்கும் தெரியும்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.