எக்ஸ்ரே கீற்றுகள்

“பிச்சுப் போடப் போறேன் காக்கா, எல்லாத்தையும் பிச்சுப் போடப் போறேன்!”

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் மண்டியிட்டு, மாஷிதா ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். சவூதி தம்மாமிலிருந்து, அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன் நுஃமான். கீழே முற்றத்தில், துணி மறைப்புக்குள், இறந்துபோன வாப்பாவின் மய்யத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம். ஏர்வாடியே இருட்டிக் கிடந்தது. மத்தியானப் புயல்காற்றில் போன கரண்ட் இன்னும் வரவில்லை.

“ஏ புள்ள, எதைப் பிக்கிற? உம்மாட்ட போனக் குடு.”

“உம்மாட்ட வேணாம். நீ கேளு. ஆக்சிஜன் மிஷின் நின்னுபோச்சா, இன்வெர்ட்டரும் கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சிருச்சு. ஆட்டோக்கார கூத்தையா அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்தாரப் போனாரு. வழியில மரம் விழுந்து கெடக்குன்னு அங்கனயே மாட்டிக்கிட்டாரு.”

மறுபடி காற்று. பிடுங்காமல் மிச்சமிருந்த கீற்றுகள் படபடத்தன. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவள் செய்தது. எக்ஸ்ரே படங்களை நீளநீளமாக வெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒலியெழுப்பும் பழைய பஸ்ஸரிலிருந்து எடுத்த பித்தளை வில்லையை ஒட்டியிருந்தாள். கீற்று ஆடினால் வில்லை வளையும். வளைந்தால் துளி மின்சாரம். துளிகள் சேர்ந்து ஒரு சிவப்பு விளக்கைச் சிமிட்ட வைக்கும். அவ்வளவுதான்.

படங்களைக் கொடுத்ததே வாப்பாதான். சவூதி சிமெண்டுத் தூசியில் கெட்டுப்போன நெஞ்சின் படங்கள். “அந்த நெஞ்சுக்காச்சும் நல்லாக் காத்து கெடைக்கட்டும்” என்று சிரித்து, சிரித்ததற்கு இருமி, டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: “எம்மவ காத்துல கரண்ட் எடுக்குறா.”

“அப்பறம்?” என்றான் நுஃமான்.

“வாப்பா என்னையப் பாத்தாக. மாஸ்க்கைத் தூக்கிட்டு, ‘ஒங் காத்து கரண்டப் போடும்மா’ன்னாக. உம்மா ‘ஓடுடி, போடுடி’ன்னு தள்ளிவிட்டுச்சு. நா ஓடியாந்துட்டேன்.”

நுஃமான் தயங்கித் தயங்கி, “அது… அந்த மிஷினுக்குப் பத்துமா?” என்றான்.

“நீயுமா காக்கா? செல்போனுக்கே சார்ஜ் ஏறாது!”

“பொறவு ஏம் மாடிக்குப் போன?”

“ஏலாதுன்னு உம்மாட்ட சொல்ல வாய் வரல. இங்கன வந்து ஒயரப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நின்னேன். உம்மா அலறவுந்தான் எறங்குனேன்.”

கீழே குர்ஆனின் யாசீன் ஓதும் குரல்கள் ஓய்ந்திருந்தன. உம்மா யாரிடமோ சொல்வது படிக்கட்டு வழியே ஏறி வந்தது.

“காத்து நல்லாத்தான் அடிச்சுச்சு. இன்னுங் கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சிருந்தா புள்ள கரண்ட எடுத்திருக்கும். அவுக மாடிப்படியவே பாத்துக்கிட்டு இருந்தாக. பாத்தபடியேதான் போனாக.”

மாஷிதாவின் கை ஒயரிலேயே நின்றது. கடல் பக்கமிருந்து பெருங்காற்று ஒன்று வந்து மோதியது. சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. அந்த ஒரு கணத்தில், ஆடும் கீற்றில் நாலைந்து விலா எலும்புகள் தெரிந்தன.

“மாஷிதா? இருக்கியா?”

“காக்கா, வாப்பா பேச்சு ஒனக்குத்தானே நல்லாத் தெரியும். நீயே சொல்லு. ‘காத்து கரண்டப் போடு’ன்னு கேலியாத்தான் சொன்னாகளா? இல்ல, நெசமாவே நம்பித்தான் மாடிப்படியப் பாத்துக்கிட்டு இருந்தாகளா?”