அரையங்குலம் எழுதிய இரண்டாவது தாள்

காலை பத்து மணிக்கெல்லாம் தகரக் கொட்டகை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே கணக்கர் மாடிப்படிக்கு எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் அரையங்குலம். எங்கேயாவது அரை அங்குலம் குறைந்தால் போதும், டேப்பை உருவிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார். அவ்வளவு சுத்தமான மனுஷன், அன்றைய தினம் வரைக்கும்.

மாடிப்படிக் கணக்கில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. படிகளைத் தாங்கிச் சாய்வாக ஏறும் அடித்தளம் ஒன்று, அதன்மேல் உட்காரும் முக்கோணப் படிகள், நடுவில் திரும்புகிற மேடை. மூன்றையும் கூட்டினால் எழுபத்திரண்டு கன அடி வந்தது. தாளை வாங்கிப் பார்த்த முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"அடித்தளம், மேடை எல்லாம் ஆறு அங்குல கனமா? நாலு போதும்யா."

"தாங்காதுங்க."

"படி எத்தனைன்னு வேணா எண்ணுவாங்க. அடியில கனம் எவ்வளவுன்னு எவன் பாக்கப் போறான்? பூசிட்டா எல்லாம் ஒண்ணுதான். இந்தத் தாள் ஃபைலுக்கு இருக்கட்டும். நாலு போட்டு வேலைக்கு ஒரு தாள் எழுதிக் குடுங்க."

"மனசு ஒப்பலைங்க."

"அப்ப வீட்டுல உக்காருங்க. அம்பத்தஞ்சு வயசுல உங்களுக்கு எவன் வேலை குடுக்குறான்னு பாப்போம்."

கணக்கர் பேனாவை எடுத்தார். எழுதிக் கொடுத்துவிட்டார். ஐம்பத்து மூன்று கன அடி. கூட்டலில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.

கான்கிரீட் போட்ட அன்று மாலை சித்தாள் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங்காரரின் மனைவி அவள். தலையில் சும்மாடுகூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"சார், இந்த அளவுப் படிக்கு நாங்க நாலு பேரும் ஆளுக்கு அம்பது சட்டியாவது தூக்குவோம். இன்னிக்கு முப்பத்தெட்டுலயே முடிஞ்சிருச்சு. எங்கயோ குறையுது சார்."

அதற்குள் அவள் புருஷனே குறுக்கே வந்து அவளை அதட்டினார்.

"ஏய், யாருகிட்ட வந்து கணக்குப் பேசுற? சார் எழுதின தாளைப் பாத்துதான் பலகையே அடிச்சேன். அரையங்குலம் சார் கணக்கு தப்பாப் போகுமா? நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சார், இவளுக்கு வாய் நீளம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அந்தப் படியை இடித்துவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள். கணக்கர் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

பதினான்கு நாள் முழுதாகக் கழித்துத்தான் சென்ட்ரிங்காரர் முட்டுகளை எடுத்தார். மறுநாள் தரைக்கற்களைக் கொண்டுவந்து படி மேடையில் அடுக்கினார்கள். மதியம் சாப்பிட்டதும் படிக்கு அடியில் நிழலாக இருக்கிறதே என்று அவர் துண்டை விரித்துப் படுத்தார். மனைவி பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தபோது துண்டின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது.

முட்டுகளைச் சீக்கிரம் எடுத்தது செத்தவனின் தப்பு என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்?

மூன்றாம் நாள் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "எனக்குக் காசு பணம் வேணாம் சார். அவர் மேல தப்பில்லைன்னு மட்டும் சொல்லுங்க."

கணக்கர் போனார். உண்மையாகவே போனார். தன் தலையே போனாலும் சரி என்று, விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி ஃபைலைப் பிரித்துக் காட்டினார்.

"ஆறு அங்குலம்னு தெளிவா இருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா இன்னொரு தாள் இருந்துச்சு."

"எங்க?"

முதலாளி அதைப் படி இடிந்த அன்றைக்கே கிழித்துப் போட்டிருந்தார். இடிந்த கான்கிரீட்டை லாரியில் ஏற்றி எங்கேயோ பள்ளத்தில் கொட்டியாகிவிட்டது. அளந்து பார்க்க ஒரு துண்டுகூட மிச்சமில்லை. "துக்கத்துல ஏதோ பேசுறீங்க, போய் ஓய்வெடுங்க" என்று அதிகாரி ஃபைலை மூடினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னுதானே சார் அடியில குறைச்சீங்க? அந்த அடியிலதான் சார் நாங்க இருந்தோம். உண்மையை இன்னிக்குச் சொல்லி என்ன சார் பிரயோசனம்? நான் வந்து சட்டிக் கணக்குக் கேட்டேனே, அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

அவள் நடந்து போய்விட்டாள்.