வேர்ட்ஸ்டாருக்கு எந்த ஊர்?

எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் அப்பா முதலில் விசாரிப்பது வம்சம். மாப்பிள்ளை, மிக்சி, மாம்பழம், எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: "எந்த ஊர், ஆருடைய பிள்ளை?" ஃபேக்டரியில் உழைத்த காசில் நான் வாங்கி வந்த கம்ப்யூட்டரும் தப்பவில்லை.

பதில் சொன்னவர் அக்காவின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா அத்தான். கப்பல் கம்பெனி கிளார்க். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியும் என்பதால் எங்கள் குடும்பத்தின் விஞ்ஞானி.

"மாமா, இதை ஓட்டுற சிஸ்டம் எம்.எஸ்.எக்ஸ்-டாஸும் எங்க ஆபீஸ் எம்.எஸ்-டாஸும் ஒரே கம்பெனிப் பிள்ளைங்க. நல்ல குடும்பம். அங்க ஓடுறதெல்லாம் இங்கயும் ஓடும்."

"பிளாப்பியில ஃபைல் அடுக்குற விதம்தான் ஒண்ணு, அத்தான். உள்ள சிப் வேற. சி.பி.எம்.னு ஒரு பழைய சிஸ்டம், அதோட புரோகிராம்தான் இதுல ஓடும்" என்றேன்.

"சி.பி.எம்.மா?" அப்பா முகம் சுளித்தார். "கேள்விப்படாத ஆக்கள்."

லாயர் நவமணி ஒரு பிளாப்பி கொடுத்திருந்தார். அதிலுள்ள ஒப்பந்தத்தைத் திருத்தி, அச்சடித்து, சனிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் காட்டினால் எனக்கு வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை செரம்பானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவார்கள். இது அப்பாவின் ஒப்பந்தம். அதில் திருத்தம் கிடையாது.

சனி காலை அத்தான் தன் ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கிற வேர்ட்ஸ்டார் புரோகிராமைப் பிளாப்பியில் கொண்டுவந்து சொருகினார். திரையில் ஃபைல் பட்டியல் வந்தது, அதில் வேர்ட்ஸ்டார் பெயரும்.

"பார்த்தியா அருந்ததி! பேரு வந்திடுச்சு லா!"

பெயர் மட்டும்தான் வந்தது. அதை ஓட்ட என்டரைத் தட்டியதும் திரை உறைந்தது. மறுபடி ஆன் செய்து, பூட்டிய கதவை இடிப்பதுபோல என்டரை இடித்தார். மறுபடியும் உறைந்தது.

"நல்ல குடும்பம் எண்டு சொன்னியே?" என்றார் அப்பா.

"குடும்பம் நல்லதுதான் மாமா. வளர்ப்பு சரியில்ல."

நான் வாசுவுக்குப் போன் போட்டேன். பக்கத்திலுள்ள ஆயர் ஈத்தாமில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். சி.பி.எம். வேர்ட்ஸ்டாரை என் மிஷின் படிக்கிற பிளாப்பியில் காப்பி செய்து எடுத்து வந்தான். அப்பா அவனை உட்காரச் சொல்லவில்லை. வாசு நின்றபடியே சொருகினான். மெனு வந்தது. லாயருடையது ஆபீஸ் வகைப் பிளாப்பி. ஃபைல் அடுக்குகிற விதம் ஒன்று என்பதால் அதிலிருந்த ஒப்பந்தமும் ஒரு எழுத்து சிதறாமல் திறந்தது. திருத்தினேன். பிரிண்டர் கதறிக்கொண்டே அச்சடித்தது.

"நான் சொன்னேன்ல மாமா, ஒரே குடும்பம்னு!" என்றார் அத்தான், வெட்கமே இல்லாமல்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தில் பிழை தேடினார். அகப்படவில்லை. உடனே வாசுவிடம் திரும்பினார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"ஆயர் ஈத்தாம், அங்கிள்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் ஆயர் ஈத்தாம்தான் லா."

லாயரிடம் ஓடிப்போய்க் காட்டி, அடுத்த பிளாப்பியோடு திரும்பினேன். அதை அப்பாவின் டெலிபோன் பக்கத்தில் வைத்தேன்.

"செரம்பானுக்குச் சொல்லிடுங்கப்பா."

அப்பா நம்பரைச் சுற்றினார். "ஓம், நாளைக்கு வரவேண்டாம். பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது. வீட்டிலயே, கம்ப்யூட்டரில." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சேச்சே, நல்ல குடும்பத்து மிஷின்தான்."