சொட்டும் புகை

இன்ஜின் அறைத் தரையில் குப்புறப் படுத்து, தேங்கிக் கிடந்த தண்ணீரில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். உப்பு இல்லை. படகில் வேலை செய்கிறவர்களுக்கு இது வழக்கம்தான். கரித்தால் கடல் உள்ளே வந்துவிட்டது. கரிக்காவிட்டால் நம் குழாய் எதுவோ ஒழுகுகிறது. இது இரண்டிலும் சேரவில்லை. துரு வாசம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இவ்வளவு யோக்கியமான தண்ணீரை நான் எந்தப் படகின் அடியிலும் கண்டதில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது.

“என்ன மாமா பண்றீங்க?” தலைமாட்டில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். என் மகளைக் கட்டியவர். இந்தப் பயணிகள் படகுக்குப் புது இயந்திரம் பொருத்த வந்த இன்ஜினியரும் அவர்தான்.

“எங்கயோ ஒழுகுது மாப்பிள்ளை.”

“ஒழுகல மாமா. வடிகுழாய் இன்னும் மாட்டல. இந்த மெஷினோட புகையே அதுதான்.”

கறுப்புப் புகை, வெள்ளைப் புகை, நீலப் புகை எல்லாவற்றோடும் குடும்பம் நடத்தியவன் நான். எங்கள் பழைய டீசல் விட்ட புகைக்குள் நுழைந்த ஒரு வெள்ளைக் கடற்பறவை, மறுபக்கம் காக்கையாக வெளியே வந்து, காக்கை வீட்டிலேயே பெண்ணும் எடுத்தது. கல்யாணத்தை நான் பார்க்கவில்லை, குஞ்சுகளைப் பார்த்தேன். ஆனால் சொட்டுகிற புகையை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

டீசல் இருந்த இடத்தில் இப்போது துணி பீரோ மாதிரி பெட்டிகள். எரிபொருள் கலம் என்றார் மாப்பிள்ளை. ஒருபக்கம் ஹைட்ரஜன் போகுமாம், இன்னொரு பக்கம் காற்று போகுமாம், மின்சாரம் வருமாம், தண்ணீர் சொட்டுமாம். எதுவும் எரியாதாம். கிளம்பும்போது முட்டுக்கொடுக்கப் பக்கத்தில் பேட்டரிகள்.

“ஹைட்ரஜன்னா பத்திக்குமே?”

“கசிஞ்சா சென்சார் கண்டுபிடிச்சு நிறுத்திடும் மாமா.”

“நடுக்கடல்ல நிறுத்தினா? துடுப்பு போடறதா?”

“பேட்டரி கரை சேத்துடும்.”

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது, ஒரு சிரிப்போடு. பெண் பார்க்க வந்த அன்றும் இதே சிரிப்புதான். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், பல்தான் தெரிகிறது.

வெள்ளோட்டத்தில் மகளும் வருவேன் என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. வேண்டாம் என்று மன்றாடினேன்.

“அப்பா, அவர நம்பலன்னா நேரா சொல்லுங்க. பாவம், மெஷின் மேல ஏன் பழியப் போடறீங்க?”

நானும் ஏறி இன்ஜின் அறையில் உட்கார்ந்துகொண்டேன்.

படகு சத்தமே இல்லாமல் கிளம்பியது. வட்டச் சன்னல் வழியே பார்த்தால் கரை நகர்கிறது. கயிறு அவிழ்த்தவனை, “டேய், துறைய எங்கடா தள்ளிட்டுப் போற?” என்று அதட்டிவிட்டேன்.

நடுக்கடலில் பெட்டிக்குள் ‘டக்’கென்றது. விளக்குகள் மங்கி, மறுபடி எரிந்தன. எரிபொருள் கலத்தின் மீட்டர் முள் சரிந்து படுத்துவிட்டது.

“கசிவா மாப்பிள்ளை?”

“இருக்கலாம். சென்சார் தப்பாவும் சொல்லலாம். வாயுவ மூடிடுச்சு. பேட்டரிலதான் போறோம்.”

“கரை வரைக்கும் தாங்குமா?”

“தாங்கும்.” பேட்டரி மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தாங்கணும்” என்றார். “நம்பிக்கை இல்லன்னு காலைல திரும்பத் திரும்ப பேட்டரில ஓட்டிக் காட்டச் சொன்னீங்களே, அதுல பாதி போயிடுச்சு. வழியில கலத்துலேர்ந்து ஏத்திக்கலாம்னு இருந்தேன்.”

படிக்கட்டில் மகள் தலை தெரிந்தது. “லைட் மங்குச்சே, என்னாச்சு?”

மாப்பிள்ளை நிமிர்ந்து, அதே சிரிப்பைச் சிரித்தார். “ஒண்ணுமில்லம்மா. பேட்டரிக்கு மாத்திப் பாத்தோம்.”

எவ்வளவு சுலபமாக வருகிறது! பக்கத்திலிருந்து பார்க்கையில்தான், அந்தச் சிரிப்பின் ஓரத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. மகள் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

“அப்பா?”

“நான்தாம்மா மாத்தச் சொன்னேன். மேல போய்க் காத்து வாங்கு.”

எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். தோளோடு தோள் இடிக்க, இருவரும் பேட்டரியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டீசலாக இருந்தால் வேறு எதுவும் காதில் விழுந்திருக்காது. இப்போது மேல்தளத்தில் அவள் நடப்பதெல்லாம் கேட்டது. மெதுவாக முன்பக்கம் போனாள், திரும்பினாள், எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றாள்.