முந்நூற்று நாற்பது வெள்ளியின் வட்டி

புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டும் தனேஸ்வரனுக்கு, பண விஷயத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் ஈப்போவிலேயே இல்லை என்ற எண்ணம் உண்டு. ஜாகிர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், யார் எதில் காசு போடவேண்டும் என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அவர் பேச்சைக் கேட்டு யாரும் பணக்காரர் ஆனதில்லை. அவரும் ஆகவில்லை.

கறையான் வந்துவிட்டது, பின்னறையைக் காலி செய்யுங்கள் என்று மனைவி விமலா ஒருநாள் பிடித்துக்கொண்டாள். அங்கே அப்பாவின் இரும்புப் பெட்டி கிடந்தது. சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அப்பா. இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. பூட்டை உடைத்துத் திறந்தபோது, பழைய சட்டைகளுக்கு அடியில் ஒரு வங்கிச் சேமிப்புப் புத்தகம் இருந்தது. மேலே தனேஸ்வரனின் பெயர். கடைசி வரியில் தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தேதியும் முந்நூற்று நாற்பது வெள்ளியும்.

தனேஸ்வரன் கைப்பேசியில் கணக்குப் போட்டார். முப்பது வருடம், எட்டு சதவீதம், வட்டிக்கு வட்டி. மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் வந்தது.

"எட்டு சதவீதம்னு யாரு சொன்னா?" என்றாள் விமலா.

"அந்தக் காலத்து வட்டி லா. ஒனக்குத் தெரியாது."

சாயங்காலம் ஜாகிர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொகை ஐயாயிரமாகிவிட்டிருந்தது. கூட்டாளிகள் நால்வருக்கும் ஆட்டுக்கறி, ரொட்டி, நுரைக்க ஆற்றிய தே தாரே என்று ஐம்பத்தெட்டு வெள்ளிக்கு விருந்து வைத்தார்.

"காசு கைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாமேண்ணே," என்றான் ஜாகிர்.

"நான் இப்ப பேசுற நேரத்துலகூட அங்க வட்டி ஏறிக்கிட்டே இருக்கு ஜாகிரு!"

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீளக்கைச் சட்டையில் வங்கிக்குப் போனார். முகப்பில் இருந்த ஷர்மினி என்ற பெண் புத்தகத்தைப் புரட்டினாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தப் புத்தகம் செல்லாது. தொலைஞ்சிருச்சுன்னு தொண்ணூத்து நாலுல நீங்க எழுதிக் குடுத்து, புதுப் புத்தகம் வாங்கியிருக்கீங்க. ரெண்டு நாள் கழிச்சு முந்நூத்து முப்பது வெள்ளி எடுத்திருக்கு."

"நானா? நான் எடுக்கவே இல்ல! என் கையெழுத்தப் போட்டு எவனோ திருடியிருக்கான்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எவனோ என்று சொன்னாலும் தனேஸ்வரனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாரிட் புந்தாரில் இருக்கும் அண்ணன் பத்துமலையைத் தவிர வேறு யார்? அங்கேயே கைப்பேசியை எடுத்து, சாட்சி வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, தொண்ணூத்து நாலுல என் பேங்க் காச நீதானே எடுத்த?"

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் இருமலும் கலந்து வந்தது.

"டேய், கித்தார் வாங்குனது யாருடா? நீ செலவழிச்சிருவேன்னு அப்பா புத்தகத்தப் பெட்டியில வச்சிப் பூட்டிட்டாரு. நீ பேங்க்ல போயி தொலைஞ்சிருச்சுன்னு பொய் சொன்ன. நான்தானடா ஒன்ன மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போனேன்!"

சிவப்புக் கித்தார். தனேஸ்வரனுக்கு எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. பத்துமலையின் கல்யாணத்தில் அதை வாசித்த முதல் பாட்டிலேயே இரண்டு கம்பி அறுந்ததும், பெண் வீட்டார் முகத்தில் தெரிந்த நிம்மதியும்கூட. ஷர்மினி உதட்டைக் கடித்தபடி கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்பாவுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாமலா? கித்தாருக்கு ஏது காசுன்னு கேட்டாரு, சொல்லிட்டேன். 'என்னைக்காவது அவனா வந்து சொல்லட்டும்'னாரு. நீ சொல்லவே இல்ல."

தனேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். சிக்கனத்தைப் பற்றி அப்பாவுக்கே எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறார்! அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. தலையை ஆட்டி, "ஆமாம்பா, ஆமாம்பா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த முகத்தை இப்போது நினைத்து, சட்டைக் காலர்ப் பொத்தானைக் கழற்றினார்.

கணக்கில் மீதியிருந்த பத்து வெள்ளிக்கு மூன்று வெள்ளி நாற்பத்திரண்டு காசு வட்டி சேர்ந்திருந்தது. வருடக்கணக்காக யாரும் தொடாததால் மொத்தமும் அரசாங்கத்திடம் போய்விட்டது. விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

"வேணாம்னா விட்டுறலாம் அங்கிள்," என்றாள் ஷர்மினி மெதுவாக.

"இல்லம்மா, குடு. சம்பாதிச்சது மூணு வெள்ளின்னாலும் வட்டி வட்டிதான்."

சாயங்காலம் ஜாகிர் கடையில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டதை நடித்தே காட்டினார். மேசை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒருவர், வரப்போகும் போனஸை எதில் போடலாம் என்று வழக்கம்போலக் கேட்டார். தனேஸ்வரன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை விமலாவை அழைத்துக்கொண்டு பாரிட் புந்தாருக்குப் போனார். வாசலிலேயே, "அண்ணே, அத்தனை பேரு முன்னாடி ஒன்னத் திருடனாக்கிட்டேன்," என்றார்.

"கால கழுவிட்டு வந்து உக்காரு," என்றார் பத்துமலை. "மீன்கறி ஆறிப்போவுது."