வெள்ளணு வரும் வரை

அரினோலாவின் உடம்பில் அன்றைக்கு ஒரு வெள்ளணுகூட இல்லை.

இருக்கக் கூடாது என்பதுதான் திட்டம். அரிவாள் செல் நோயோடு பிறந்த பெண். வயது பத்தொன்பது. எலும்புக்குள் இருந்த பழைய மஜ்ஜையை மருந்து ஏற்றிச் சாகடித்துவிட்டு, அண்ணன் லாபியிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் சொட்டுச் சொட்டாக இறக்கியிருந்தார்கள். அவை எலும்புக்குள் வேர் பிடித்துப் புது வெள்ளணுக்களைப் பெற்றுத் தள்ள வேண்டும். அதுவரை அவள் கதவில்லாத வீடு. எந்தக் கிருமியும் கேட்காமல் உள்ளே வரலாம்.

இபாடான் நகரின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு லாபி தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, உன் ரத்தம் உள்ள போனதுல இருந்து உன் ஃபுட்பால் டீம் ஆர்சனல் ஜெயிக்கணும்னு வேண்டிக்கத் தோணுது. இது சரியாயிடுமா?"

"அதுக்கு மருந்தே கிடையாது. வருஷா வருஷம் அழுதே ஆகணும்."

சிரிக்கப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். வாய் முழுக்கப் புண்.

அம்மா மூலையில் நின்று சுவரைப் படித்துக்கொண்டிருந்தாள். மூத்த பிள்ளையின் பேரைச் சேர்த்து ஊரே அவளை 'இயா லாபி' என்றுதான் கூப்பிடும். சுவரில், சாப்பிடக் கூடாதவை எல்லாம் படமாக, சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒட்டப்பட்டிருந்தன. வெளிநாட்டில் அச்சடித்த படம்.

"ஆ-ஆ! இந்தப் பச்சை பூத்த கட்டி என்னடா?"

"சீஸும்மா. வெள்ளைக்காரங்க தின்பாங்க."

"பூசணத்தையா? பச்சை மீனு வேற போட்டிருக்கு! இதையெல்லாம் அவங்களுக்குச் சொல்லுங்கய்யா, நமக்கு எதுக்கு?"

கேலி செய்தாலும் அம்மா விதி மீறுகிறவள் இல்லை. கொதிக்காத எதையும் மகள் பக்கம் அண்ட விடவில்லை. அப்படித்தான் லாபி நம்பினான்.

மருந்தின் சூட்டில் அரினோலாவின் குடல் உரிந்தது. வயிறு தண்ணீராகப் போனது. "இது எதிர்பார்த்ததுதான் மம்மி, வெள்ளணு வந்ததும் தானா நின்னுடும்" என்றார், தாய் வயதுப் பெண்களையெல்லாம் மம்மி என்றே அழைக்கும் டாக்டர் கோரோயே. இயா லாபி தலையாட்டினாள். மகளின் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

வயிற்றோட்டம் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

மறுநாளே காய்ச்சல் வந்தது.

ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினார்கள். கிருமி. குச்சி வடிவம். தண்ணீரிலும் குடலிலும் வாழும் ஜாதி. கையில் இருந்ததிலேயே வலுவான மருந்தை டாக்டர் ஏற்றினார். கிருமி அதைச் சட்டை செய்யவில்லை. வயிறு உப்பியது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

டாக்டர் தாயையும் மகனையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"மம்மி, கோபப்படாம சொல்லுங்க. வெளிச் சாப்பாடு ஏதாவது கொடுத்தீங்களா?"

"ஒரு பருக்கை இல்ல டாக்டர்."

"பழம்? ஜூஸ்?"

"அந்தப் பக்கமே போகல."

"சர்ச்ல கொடுத்த எண்ணெய், ஜெபம் பண்ணின தண்ணி?"

"ஹபா டாக்டர்! பாஸ்டரையே கேட்டுலயே நிறுத்திட்டேன். அவர் இன்னும் என்கூடப் பேசறதில்ல."

பொய் சொல்கிற முகமில்லை. டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் நர்ஸ் எபியேரே கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இயா லாபி, பாப்பா வாந்தி எடுத்தாளா? கழுவாத கப்பு ஒண்ணு இருக்கு. புளிச்ச வாடை அடிக்குது."

லாபி உள்ளே போய்க் கப்பை எடுத்து முகர்ந்தான். வாந்தி இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவனுக்கு அந்த வாடை தெரியும். வெளியே ஓடி வந்து பெஞ்சின் மேலிருந்த அம்மாவின் பையைக் கவிழ்த்தான். ஃபிளாஸ்க் உருண்டது. மூடியைத் திறந்தான்.

ஓமி ஓகி.

ஊறவைத்த சோளத்தை அரைத்து, சலித்து, மாவு அடியில் படிய விட்டால் மேலே நிற்குமே, அந்தப் புளித்த தண்ணீர். அந்த ஊரில் வயிற்றுப்போக்கு வந்த எந்தக் குழந்தைக்கும் முதல் வைத்தியம் அதுதான். கொதிக்க வைக்க மாட்டார்கள். கொதித்தால் சக்தி போய்விடுமாம்.

"அம்மா... இதை அவளுக்குக் கொடுத்தியா?"

"கொடுக்காம? பிள்ளைக்கு வயிறு தண்ணியாப் போகுது. நான் சுவத்துல சீஸைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"டாக்டர் இப்பத்தானே கேட்டாரு!"

"சாப்பாடு கேட்டாரு. இது சாப்பாடாடா? மருந்து! உன்னை இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன். ரெண்டே கப்பு. நின்னுச்சா இல்லையா, நீயே சொல்லு!"

லாபி அந்த ஃபிளாஸ்க்கை டாக்டரிடம் நீட்டினான்.

கோரோயே முகர்ந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார்.

"நானும் இதைக் குடிச்சு வளர்ந்தவன்தான். எங்கம்மா கையால. கேக்கத் தோணலையே லாபி... எல்லாம் கேட்டேன், இதைக் கேக்கத் தோணலையே."

"வயித்தால போறது நின்னுச்சுன்னு அம்மா சொல்றாங்களே?"

"நிக்கல. குடல் செத்துட்டு வருது. அதான் ஓட்டம் இல்ல."

கடைசி மருந்து ஒன்று இருந்தது. சிறுநீரகத்தைத் தின்னும் மருந்து. இபாடானில் எங்கும் இல்லை. லாகோஸில் இருந்தது. எக்ஸ்பிரஸ் சாலையில் டேங்கர் கவிழ்ந்து வண்டிகள் உறைந்து கிடக்க, ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சட்டைக்குள் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்தான். எபியேரே படிக்கட்டிலேயே பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மருந்து உள்ளே இறங்கியது.

நேரத்துக்கு வந்துவிட்டது என்று லாபி சுவரில் சாய்ந்தான். அது வேலை செய்ய வேண்டுமே என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது.

அரினோலா கண் திறந்தபோது உதடு நீலமாக இருந்தது.

"அண்ணே... உன் ரத்தம் சோம்பேறி. இன்னும் வேலைக்கு வரலையே."

"வந்துட்டே இருக்குடி. டிராஃபிக்."

"சீக்கிரம் வரச் சொல்லு. இங்க ஆளே இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சிறுநீர் நின்றது. தொண்டையில் குழாய் போட்டார்கள். மார்பை இயந்திரம் தூக்கிப் போட்டது.

இயா லாபியை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஃபிளாஸ்க் திரும்பி வரவில்லை. அது போதுமாக இருந்தது. டாக்டர் வெளியே வந்தபோது எழுந்தாள். தன் மகன் வயதுள்ள அந்த ஆளின் முன் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள். எபியேரே பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர்கள் சின்னவர்கள் முன் மண்டியிடுவது அங்கே பார்க்கக் கூடாத காட்சி.

"மகனே, நான்தானா?"

டாக்டரும் அவள் எதிரே மண்டியிட்டார்.

"எந்திரிங்க மம்மி. அவ குடல்லயே இருந்த கிருமியாவும் இருக்கலாம். தண்ணியில இருக்கறதும் குடல்ல இருக்கறதும் ஒரே ஜாதி. அந்தத் தண்ணி கொடுக்காட்டியும் இது வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. சத்தியமா யாருக்கும் தெரியாது."

"நீ நல்ல பிள்ளை" என்றாள் அவள். நம்பவில்லை. "அவளுக்கு வெள்ளணு வந்துட்டா பொழச்சுக்குவாளா?"

"வந்தா... சண்டை போட ஆள் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். அதன் பிறகு லேப் பக்கம் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினாள். "வந்துச்சா?" இல்லை என்றார்கள். கூட்டுகிறவளைக்கூட நிறுத்திக் கேட்டாள்.

மறுநாள் நண்பகலில், இதயம் நின்றதும், இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

இயா லாபி அழவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் தலைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எபியேரே பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்திருந்தாள்.

டாக்டர் லாபியின் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவர் கையிலிருந்த போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"லேபுல இருந்து. காலையில எடுத்த ரத்தம்." குரல் இறங்கியது. "வெள்ளணு வந்திருக்கு லாபி. உன்னோடது. வேர் பிடிச்சிருக்கு."

லாபி குனிந்து போனைப் பார்த்தான்.

"காலையிலயா?"

"காலையில."

"அப்ப அது... இப்ப அவளுக்குள்ள..."

கோரோயே போனின் வெளிச்சத்தை அணைத்தார். லாபி தன் இடுப்பெலும்பில், ஊசி குத்தி ஸ்டெம் செல் எடுத்த இடத்தில் கை வைத்து அழுத்தினான். இன்னும் வலித்தது.

பெஞ்சிலிருந்து அம்மா தலையைத் தூக்கினாள். இத்தனை நாளும் போனையும் டாக்டரின் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள்.

"லாபி! லேபா? என்னடா சொல்றாரு?"

அவன் திரும்பினான்.

"ஒண்ணுமில்லம்மா. வண்டி எப்ப வரச் சொல்லணும்னு கேக்கறாரு."